இலக்கத் தகடும் அதைச் சுற்றிய பிளாஸ்ரிக்கும்: சில குறிப்புகள்

சென்ற மாரிகாலத்தில் ஒரு சனிக்கிழமை இரவு. ஸ்காபரோவில் நண்பர் ஒருவரது வீட்டுப் பேஸ்மென்ற்றில் நடந்த புத்தக அறிமுகக் கூட்டம் (ஆறு மணிக்கென்று அறிவித்து வழமைபோல் ஏழரைக்குத் தொடங்கியது) முடிந்து நாங்கள் மூவர் எனது காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். பின்னாலிருந்து சிவப்பும் நீலமுமாய் வெளிச்சம் அடித்தது. ஓரங்கட்டினேன். பொலிஸ்காரர் இளைஞர், மரியாதையாகவே பேசினார். எங்கிருந்து வருகிறீர்கள், குடித்திருக்கிறீர்களா, பின் இருக்கையில் இருப்பவர் யார் என்று கேட்டார். மூன்று கேள்விகளிலிருந்தும் அவருக்கு எதுவும் கிடைக்கவில்லை. ரோச் வெளிச்சத்துடன் காரின் பின்புறம் போனார், வந்தார். இலக்கத் தகட்டைச் சுற்றியிருக்கும் பிரேம் தகட்டின் ஒரு பகுதியை மறைக்கிறது என்றார். 85 டொலர் குற்றப்பணமும் மேலதிகக் கட்டணங்களுமாக 110 டொலருக்கு ரிக்கற் எழுதித் தந்தார்.

கூட வந்த நண்பர், அன்றைய கூட்டத்தில் அதிகாரம் எவ்வாறு மனித உடலின் மயிர்க்கால்வரை ஊடுருவுகிறது என்று முக்கால் மணிநேரம் பேசியவர், சொன்னார்: "காசைக் கட்டிப்போட்டு விடு மச்சான். ஒரு பிளாஸ்ரிக் துண்டு. இதுக்குள்ளயும் போய் அரசியல் தேடாத."

அந்தப் பிளாஸ்ரிக் துண்டைப் பற்றித்தான் இக்கட்டுரை. நண்பர் மன்னிக்க வேண்டும்.

மறுநாள் காலை குளிரில் நின்று அந்தப் பிரேமை முதன்முறையாக உற்றுப் பார்த்தேன். கறுப்புப் பிளாஸ்ரிக். மேல் விளிம்பில் நான் கார் வாங்கிய கடையின் பெயர், கீழ் விளிம்பில் அதன் தொலைபேசி இலக்கம். நான் கேட்டுப் பூட்டியதல்ல. காரோடு வந்தது. கடைக்காரர் எனக்கு விற்ற வாகனத்தில் தன் விளம்பரப் பலகையைத் தொங்கவிட்டிருக்கிறார். ஆறு வருடங்களாக அதை நான் கூலியில்லாமல் ஊரெங்கும் சுமந்து திரிந்திருக்கிறேன். விளம்பரம் அவருடையது, குற்றப்பணம் என்னுடையது.

ஐரோப்பாவில் வாழும் வாசகர்களுக்கு இது சற்று விளங்காமல் இருக்கக்கூடும். ஜேர்மனியிலோ நோர்வேயிலோ தகடு ஒரு தட்டத்தில் இருத்தப்படுகிறது. வியாபாரியின் பெயர் தகட்டுக்குக் கீழே தனிப்பட்டையாக நிற்கும், எழுத்துகளின் மேல் ஏறாது. இங்கிலாந்தில் தகட்டைத் தயாரித்துக் கொடுத்தவரின் பெயரைத் தகட்டிலேயே இடவேண்டும் என்பது சட்டம். வட அமெரிக்கத் தகடு 12 அங்குல நீளமும் 6 அங்குல உயரமும் கொண்டது. நடுவில் இலக்கம். மேலும் கீழும் மாகாணத்தின் பெயரும் அதன் சுலோகமும். பிரேம் இந்தத் தகட்டின் மேலேயே வந்து உட்காருகிறது. ஆகவே அது மறைப்பது பெரும்பாலும் இலக்கத்தையல்ல, அரசு தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் வாசகத்தை. இந்த வேறுபாட்டைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்ராறியோவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டம் 13 ஆம் பிரிவில் இலக்கம் தெரிந்தாற் போதும் என்று சொல்லவில்லை. இலக்கங்கள் உட்பட முழுத் தகடும் எந்நேரமும் தெளிவாகத் தெரியவேண்டும், வாகனத்தில் பூட்டிய எதுவும் அதை மறைக்கக் கூடாது என்கிறது. 1997 இல் 407 நெடுஞ்சாலை திறக்கப்பட்டபின் கமராக்களும் வந்து சேர்ந்தன. சுங்கச்சாவடி இல்லாமல் தகட்டைப் படம்பிடித்தே கட்டணம் அறவிடும் வீதி அது. 1999 இல் 99 வருடக் குத்தகைக்குத் தனியாரிடம் போயிற்று. அந்தக் கம்பனிக்குக் கட்டணம் செலுத்தாதவருக்குத் தகட்டைப் புதுப்பித்துக் கொடுக்க அரசு மறுக்கும். பிரேமுக்கெதிரான சட்டத்தில் பொதுமக்களின் பாதுகாப்பு மட்டுமே இருக்கிறது என்று நம்புபவர்கள் இதையும் சேர்த்து யோசிக்கலாம்.

பாதுகாப்பு இல்லவே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. வீதி கடக்கும் ஒருவரை இடித்துவிட்டு ஓடும் வாகனத்தின் தகட்டை யாரோ ஒருவர் வாசிக்க முடிந்திருக்க வேண்டும். இருண்ட பிளாஸ்ரிக் மூடி போட்டு இலக்கத்தையே மறைப்பவனுக்காக நான் வாதாட மாட்டேன். ஆனால் என் பிரேம் இலக்கத்தின் ஓர் ஓரத்தையும் தொடவில்லை. அது தின்றது கீழேயிருந்த சுலோகத்தை. ஸ்குரூ ட்ரைவரால் கழற்றியபோதுதான் அது வெளியே வந்தது: ‘நீங்கள் கண்டறிவதற்கே உரியது’ என்ற பொருள்படும் ஆங்கில வாசகம். 1982 இலிருந்து இந்த மாகாணத்தின் தகடுகளில் இருக்கிறது.

உல்லாசப் பிரயாண விளம்பரத்துக்கான வாசகம் அது. விருந்தாளியைப் பார்த்துச் சொல்வது. அகதி மனுக் கொடுத்துவிட்டு விசாரணைத் திகதிக்காகக் காத்திருந்த காலத்தில், முன்னே போன ஒவ்வொரு காரின் பின்புறத்திலும் இது என்னைப் பார்த்துச் சொல்லப்பட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. நான் வாசிக்கவில்லை. வாசித்திருந்தால் சிரித்திருப்பேனா அழுதிருப்பேனா தெரியாது.

இந்தத் தகடுகள் எங்கே செய்யப்படுகின்றன என்பதும் சுவாரசியமான விடயம். ரொறன்ரோவுக்கு வடகிழக்கே லின்ட்சேயிலுள்ள மாகாணச் சிறைச்சாலையில், கைதிகளின் கையால். அதே சிறையில்தான் எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படாத குடிவரவுத் தடுப்புக்காரரும் பல வருடங்கள் அடைத்துவைக்கப்பட்டிருந்தனர். 2013 செப்ரெம்பரில் அவர்கள் அங்கே உண்ணாவிரதம் இருந்தார்கள். மாகாணச் சிறைகளில் அவர்களை அடைக்கும் ஏற்பாடு 2024 ஜூனில்தான் நின்றது. நீங்கள் கண்டறிவதற்கே உரியது!

இன்னொன்று. 2020 பெப்ரவரியில் இதே அரசு நீலநிறத்தில் புதிய தகடு ஒன்றை வெளியிட்டது. சுலோகத்தையும் மாற்றி ‘வளர்வதற்கு ஓர் இடம்’ என்றாக்கினார்கள். சில நாட்களிலேயே, கடமையில் இல்லாத பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் இரவில் அதை வாசிக்க முடியவில்லை என்று படத்துடன் காட்டினார். அமைச்சர் முதலில் மறுத்தார். பிறகு ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. மே மாதம் திட்டம் கைவிடப்பட்டது. ஆனால் ஏற்கெனவே மாட்டியவர்களிடமிருந்து அவை உடனே திரும்பப் பெறப்படவுமில்லை. வாசிக்க முடியாத தகட்டை அரசே அச்சடித்தால் அது வடிவமைப்புத் தவறு. வாசிக்க முடிந்த தகட்டின் சுலோகத்தை நான் மறைத்தால் அது 110 டொலர்.

நிற்க. எனது முறைப்பாடு சட்டம் இருக்கிறது என்பதல்ல, அது யார்மேல் விழித்துக்கொள்கிறது என்பது. அந்த ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்கப் போன பிளாசாவின் பாக்கிங்கில், சுலோகத்தை மறைக்கும் பிரேம்களை எண்ணத் தொடங்கி இரண்டாவது வரிசையோடு நிறுத்திவிட்டேன். அத்தனை. இத்தனை பேர் மீறும் விதி தூங்கும் விதி. தேவைப்படும்போது மட்டும் அதைத் தட்டி எழுப்பலாம்.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1996 இல் ரென் வழக்கில் இதை ஒளிவுமறைவின்றியே ஏற்றுக்கொண்டது. ஏதோ ஒரு வீதி விதி மீறப்பட்டிருந்தாற் போதும், பொலிஸ்காரரின் உள்நோக்கம் என்னவாயினும் மறிப்பு செல்லும் என்றது. பிரேம், கண்ணாடியில் தொங்கும் வாசனை அட்டை, எரியாத சிறு விளக்கு எல்லாம் இதனால் கதவைத் திறக்கும் சாவிகளாகின்றன. 2021 ஏப்ரலில் மினசோட்டாவில் டோன்ற் ரைற் என்ற இருபது வயதுக் கறுப்பு இளைஞர் மறிக்கப்பட்டதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள், தகட்டின் காலாவதியான ஒட்டுத்தாளும் கண்ணாடியில் தொங்கிய வாசனை அட்டையும். சில நிமிடங்களில் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். புளோரிடாவில் 2025 ஒக்ரோபரில் தகட்டை மறைப்பதற்கான தண்டனை கடுமையாக்கப்பட்டபோது எல்லாப் பிரேமும் குற்றமோ என்று மக்கள் குழம்பிப்போக, எழுத்துகளையும் ஒட்டுத்தாளையும் மறைக்காதவரை வைத்துக்கொள்ளலாம் என்று அரசுத் திணைக்களம் விளக்கம் கொடுக்க வேண்டியிருந்தது. கனடாவில் பிரேம்கூடத் தேவையில்லை. காரணமின்றியே சாரதியை மறித்து அனுமதிப்பத்திரம் பார்க்கலாம் என்று 1990 இல் லாடுசெர் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்த்தது. கியூபெக்கில் ஹெயிற்றி வம்சாவளி இளைஞர் ஒருவர் இதை எதிர்த்துப் போய், இனப்பாகுபாட்டுக்கு வழிவிடும் அதிகாரம் இது என்று 2022 இல் தீர்ப்புப் பெற்றார். 2024 இல் அம்மாகாண மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. எங்கள் கூட்டங்களில் இவ்வழக்கைப் பற்றி ஒருவரும் வாய்திறந்ததாக எனக்கு நினைவில்லை. ஃபூக்கோவைப் பற்றித் திறந்திருக்கிறோம்.

இனித் தகட்டில் எழுதியிருப்பது யாருடைய பேச்சு என்ற கேள்விக்கு வருகிறேன். நியூஹாம்ஷயர் மாநிலத்தின் தகட்டில் ‘சுதந்திரமாய் வாழ் அல்லது செத்துப்போ’ என்ற சுலோகம் உண்டு. மேனார்ட் என்பவர் யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்தவர். உயிர் தன் மதத்தில் அதைவிடப் பெரியது என்று சொல்லி அந்த வரியை ஒட்டுநாடாவால் மூடினார். இலக்கத்தை மூடவில்லை. குற்றப்பணம் கட்ட மறுத்து 15 நாள் சிறையிருந்தார். 1977 இல் உச்ச நீதிமன்றம், அரசின் கொள்கையைச் சுமந்து திரியும் நடமாடும் விளம்பரப் பலகையாகக் குடிமகனை ஆக்கமுடியாது என்று அவர் பக்கம் தீர்த்தது. 2015 இல் இதன் மறுபக்கம் வந்தது. அடிமைமுறையைக் காக்கப் போர்செய்த தென்மாநிலங்களின் கொடியைத் தகட்டில் பொறித்துத் தரவேண்டுமென்று ரெக்சாசில் ஒரு சங்கம் கேட்டது. தகடு அரசின் பேச்சு, எனவே அரசு மறுக்கலாம் என்று ஐந்துக்கு நான்காகத் தீர்ந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், அரசு தன் பேச்சை என் வாயில் திணிக்கவும் முடியாது, நான் என் பேச்சை அதன் வாயில் திணிக்கவும் முடியாது. பிரேம் இரண்டுக்கும் நடுவே உள்ள அரை அங்குலம். அரசின் தகட்டின் மேல் கிடக்கும் என்னுடைய (அல்லது கார்க்கடைக்காரருடைய) வேலி.

இந்த வேலியைப் பற்றி மனிற்றோபாவில் நடந்ததைவிடச் சிறந்த பாடம் கிடைக்காது. விண்வெளித் தொலைக்காட்சித் தொடரான ஸ்ரார் ரெக்கின் இரசிகர் ஒருவர், ‘தன்மயமாக்கு’ என்று ஒலிக்கும்படி ஆங்கில எழுத்துகளையும் 8 ஐயும் கோர்த்துத் தனிப்பட்ட தகடு வாங்கினார். அத்தொடரில் போர்க் என்றொரு இயந்திர மனிதக் கூட்டம். எதிர்ப்படும் இனங்களையெல்லாம் பிடித்துத் தம்முள் கரைத்துவிடும். பகிடி புரியவேண்டும் என்பதற்காக அவர் ஒரு பிரேமும் பூட்டினார்: மேலே ‘நாமே போர்க்’, கீழே ‘எதிர்ப்பது வீண்’. 2017 இல் பூர்வகுடி மக்களின் முறைப்பாடுகளைத் தொடர்ந்து தகடு பறிக்கப்பட்டது. அவர் வழக்குப் போட்டு 2019 இல் தோற்றார்.

இதைக் கருத்துச் சுதந்திரம், மனம் புண்படல் என்று இரண்டு பக்கமாகப் பிரித்து விவாதித்தார்கள். எனக்கு அதைவிட வாசிப்பு என்ற பிரச்சினையாகவே தெரிகிறது. அவர் தன் பிரேமை விளக்கவுரையாக நினைத்தார். இது கதை, கற்பனை, கோபிக்காதீர்கள் என்பது அதன் உத்தேசம். ஆனால் வதிவிடப் பாடசாலைக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டு, தலைமயிர் வெட்டப்பட்டு, தாய்மொழி பேசியதற்காக அடிவாங்கிய ஒருவர் அந்தக் காருக்குப் பின்னே சிவப்பு விளக்கில் நிற்கிறார் என்று வையுங்கள். அவருக்கு அந்தப் பிரேம் பகிடியைத் தணிக்கவில்லை. தகட்டில் ஒரு சொல்லாக இருந்ததை முழு வாக்கியமாக்கி, எதிர்ப்பது வீண் என்று அரசுமுத்திரைக்குக் கீழே ஒப்பமும் இட்டுக் கொடுக்கிறது. அம்மாகாணத் தகட்டின் சுலோகம் என்ன தெரியுமா? ‘நட்பான மனிற்றோபா.’

தகடு பறிக்கப்பட்டது சரி என்பதே என் நிலைப்பாடு. அது அரசின் பேச்சு. தன்மயமாக்கலைச் செய்த அரசே அச்சொல்லைத் தன் தகட்டில் அடித்து விற்க முடியாது. அவர் அந்த வாசகங்களை வெறும் பிரேமில் மட்டும் எழுதித் திரிந்தால் தடுக்கவேண்டும் என்று கேட்கமாட்டேன். வெட்கப்பட வேண்டும் என்று கேட்பேன். இரண்டும் வேறு.

எங்களுக்கு இதில் புதிதாக என்ன இருக்கிறது? வாகனத் தகட்டில் இருந்த ஓர் எழுத்துக்காக ஊர் எரிந்ததைக் கண்டவர்கள் நாங்கள். 1957 ஜனவரியிலிருந்து புதிதாகப் பதிவாகும் வாகனங்களுக்குச் சிங்களச் ‘சிறீ’ வந்தது. தமிழரசுக் கட்சி எதிர்த்தது. அந்த ஜூலையில் பண்டா - செல்வா ஒப்பந்தத்தோடு தணிந்தது. 1958 தொடக்கத்தில் அரசு பஸ் சேவையைத் தேசியமயமாக்கி, மார்ச்சில் சிறீ பொறித்த புதிய பஸ்களை வடக்கே அனுப்பியதும் தார்வாளிகள் வெளியே வந்தன. சிங்களச் சிறீயை அழித்துத் தமிழ்ச் சிறீ எழுதினார்கள். தெற்கிலே பதிலுக்குத் தமிழ்ப் பெயர்ப்பலகைகளில் தார் பூசினார்கள். ஏப்ரல் 9 இல் ஒப்பந்தம் கிழிந்தது. மே மாதம் கொலைகள்.

எனக்கு அப்போது மூன்று வயது. கேட்டதைத்தான் எழுதுகிறேன். பெரியப்பாவிடம் ஒரு பழைய ஒஸ்ரின் கார் இருந்தது. 1957 க்கு முன் பதிவானதால் அதற்கு இரண்டு ஆங்கில எழுத்துகள். அவரும் தார்வாளி தூக்கியவர்தான். ஆனால் தன் காரிலிருந்த ஆங்கில எழுத்துகளின்மேல் ஒரு துளி தாரும் அவர் பூசவில்லை. வேறொருவரும் பூசவில்லை. அது அந்நியன் எழுத்தாகத் தெரியவேயில்லை! இன்னொரு வேடிக்கை, நாங்கள் பதிலுக்கு எழுதிய சொல்லும் தமிழ்ச்சொல் அல்ல. ஒரே வடமொழி மங்கலச் சொல்லை இரண்டு எழுத்துகளில் எழுதி அடிபட்டோம். பின்னர் தீவின் தகடுகளிலிருந்து சிறீ போய் வெறும் இலக்கங்கள் வந்தன. 2000 ஆம் ஆண்டிலிருந்து ஆங்கில எழுத்துகள். பெரியப்பாவின் ஒஸ்ரினில் இருந்த இடத்துக்கே நாடு வந்து சேர்ந்தது, இடையில் எத்தனை பேரைப் புதைத்துவிட்டு.

ஆயினும் தார் பூசியவர்களும் மேனார்ட்டைப் போல இலக்கத்தை மறைக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். ‘என்னை அடையாளம் காணாதே’ என்பது அவர்களது கோரிக்கையாக இருந்ததில்லை. என்மேல் உன் எழுத்தை எழுதாதே என்பதுதான். ஒன்ராறியோவில் 2008 இலிருந்து பிரெஞ்சு மொழிக்காரர் தம் மொழியில் சுலோகமுள்ள தகட்டைக் கேட்டுப் பெறலாம். கேட்காதவர் ஆங்கிலத் தகட்டுடன் போகலாம். இதுபோன்ற அற்ப விருப்பத்தேர்வு ஒன்று 1958 இல் பஸ்களுக்கு இருந்திருந்தால் எல்லாம் நன்றாக நடந்திருக்கும் என்று சொல்லும் அளவுக்கு நான் அப்பாவியல்ல. ஆனால் ‘ஒரு தகரத் துண்டு, இதற்குப்போய்’ என்று அன்று கொழும்பிலும் சொன்னவர்கள் உண்டு. என் நண்பர் காருக்குள்ளிருந்து சொன்னது அதன் எதிரொலியாகத்தான் எனக்குக் கேட்டது.

ரிக்கற் காசைக் கட்டிவிட்டேன். பிரேமைக் குப்பையில் போட்டேன். கார்க்கடைக்குப் போன் எடுத்து, உங்கள் விளம்பரத்தால் எனக்கு 110 டொலர் செலவு என்றேன். இலவசமாகப் புதுப் பிரேம் ஒன்று தரலாம் என்றார்கள்.

மகளின் காரிலும் ஒரு பிரேம் இருக்கிறது. அவள் படித்த பல்கலைக்கழகத்தின் பெயர், தன் காசில் வாங்கியது. கழற்றச் சொன்னேன். "அப்பா, எனக்குப் பின்னால வாறவன் என்னைப் பற்றி ஒண்டையாவது என்ர விருப்பத்தில வாசிக்கட்டும்" என்றாள். பொலிஸ் மறித்தால் என்றேன். மறிக்க நினைத்தவன் பிரேம் இல்லாட்டியும் மறிப்பான் என்றாள். அடிமட்டத்துடன் வெளியே போய் அளந்து பார்த்தேன். கீழ் விளிம்பு சுலோகத்தின் பாதி உயரத்தைத்தான் மறைக்கிறது. எழுத்துகளின் தலைகள் தெரிகின்றன. ஸ்குரூ ட்ரைவரைக் கொண்டுவந்து சமையலறை மேசையில் வைத்தேன். இரண்டு கிழமையாக அங்கேயே கிடக்கிறது.